டார்வினின் கல்லூரிக் கணக்கில் கொத்தனாருக்கு என்ன வேலை?

கணக்கேடு

வங்கித் தணிக்கைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படிப்பதைவிட அவருடைய பற்று வரவைப் பார்த்தால் அவரைப் பற்றிச் சீக்கிரம் புரிந்துவிடும் என்பது என் தொழில் தந்த பழக்கம். அந்தப் பழக்கத்தினால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சார்ல்ஸ் டார்வின் 1828 முதல் 1831 வரை கேம்பிரிட்ஜில் உள்ள கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தார். அந்த ஆண்டுகளின் கணக்குப் புத்தகங்கள் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் இருந்து, அவர் பிறந்த 200-ஆம் ஆண்டான 2009-இல் இணையத்துக்கு வந்தன. மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 636 பவுண்டு ஆகியிருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வயலில் வேலை செய்தவருக்கு வாரக் கூலி சுமார் 10 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால், டார்வினின் ஓராண்டுச் செலவு அந்தத் தொழிலாளியின் எட்டு ஆண்டுக் கூலி. அவருடைய தந்தை வசதியான மருத்துவர் என்பதால் தொகை எனக்கு வியப்பளிக்கவில்லை, தலைப்புகள்தான் வியப்பளித்தன. தையற்காரர், தொப்பிக்காரர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், மருந்துக்கடைக்காரர், சலவைக்காரி, பாத்திரம் கழுவுபவர், நிலக்கரி, புகைபோக்கி சுத்தம் செய்பவர், கண்ணாடி போடுபவர், கொல்லர், வண்ணம் பூசுபவர், கொத்தனார் என்று வரிசையாக வருகிறார்கள். சாப்பாட்டோடு காய்கறி கூடுதலாக வேண்டும் என்பதற்காக நாளொன்றுக்கு ஐந்தரைப் பென்னி தனியாகக் கட்டியிருக்கிறார்.

எனக்கு இரண்டு கேள்விகள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கொத்தனாருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? சலவைக்காரி முதல் கொல்லர் வரை அத்தனை பேரும் எப்படி ஒரே கல்லூரிப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்தார்கள்? மாணவன் கையில் காசே இருக்காதா?

மாடிப்படி

நான் கேம்பிரிட்ஜில் சில ஆண்டுகள் இருந்தவன். முதல் கேள்விக்கு விடை, அங்கே கல்லூரி அறை என்பது நம் ஊர் விடுதி அறை போன்றதன்று என்பதில் இருக்கிறது. நம் விடுதியில் இரும்புக் கட்டிலும் மேசையும் நிர்வாகம் தரும். மின்விசிறி பழுதானால் வார்டனிடம் போய் நிற்போம். அங்கே ஒரு மாணவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் உட்காரும் அறை, படுக்கையறை என்று சேர்ந்த ஒரு சிறு வீடு. அதில் ஒரு கணப்பு இருக்கும். அதற்குக் கரி வேண்டும். கரி எரிந்தால் புகைபோக்கியில் கரிப்படலம் சேரும். அதைச் சுரண்ட ஆள் வேண்டும். அறைக்குள் செய்யும் பழுதுக்கு அறையில் இருப்பவன் கணக்கில்தான் பற்று எழுதுவார்கள். கொத்தனாரும் கண்ணாடிக்காரரும் அப்படி வந்தவர்கள்.

டார்வின் முதலில் கல்லூரிக்குள்ளேயே தங்கவில்லை. அவர் வந்தபோது அறை கிடைக்காமல், சிட்னி வீதியில் ஒரு புகையிலைக் கடையின் மாடியில் தங்கினார். பிறகுதான் கல்லூரிக்குள் அறை கிடைத்தது.

அறைக்குள் இருந்த சாமான்களில் ஒரு தனி வியாபாரமே நடந்தது. ஆக்ஸ்ஃபர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ‘மூன்றில் ஒன்று’ என்று ஒரு வழக்கம் அப்போது இருந்தது. வெளியேறும் மாணவனின் நாற்காலி, திரைச்சீலை, கம்பளம் எல்லாவற்றையும் புதிதாக வருபவன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளுவார்கள். ஒருவன் 90 பவுண்டுக்குப் புதிதாக வாங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவன் 60 கொடுப்பான், அதற்கு அடுத்தவன் 40 கொடுப்பான். தேய்மானத்தை இவ்வளவு எளிமையாக ஒரு சூத்திரத்தில் அடக்கியதைக் கணக்கேடு ஐயா பாராட்டுவார் என்று நினைக்கிறேன். ஆனால் நடுவில் ஒருவன் பழைய நாற்காலிக்குப் புதுத் துணி போர்த்தினால் அந்தச் செலவும் மதிப்பில் ஏறிவிடும் அல்லவா? பூச்சி அரித்த மேசை நான்கு தலைமுறை கைமாறுவது அப்படித்தான்.

இரண்டாவது கேள்வியின் விடை ‘டியூட்டர்’ என்ற ஒருவர். பெயரைப் பார்த்து அவரைப் பாடம் நடத்துபவர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மாணவனின் தந்தைக்குப் பதிலாக அங்கே நின்றவர் அவர். ஊர்க் கடைக்காரர்கள் தங்கள் பட்டியலை அவரிடம் கொடுப்பார்கள். அவர் காலாண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காகத் தந்தைக்கு அனுப்புவார். தந்தை பணம் அனுப்பியதும் கடைக்காரர்களுக்குப் பட்டுவாடா நடக்கும். கல்லூரியில் சேரும்போதே ஒரு முன்வைப்புத் தொகையையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சலவைக்காரியும் கொல்லரும் ஒரே புத்தகத்தில் சந்தித்தது இதனால்தான்.

தேன்மொழி

அப்படியானால் துணி வெளுத்தவர் தம் கூலிக்கு மூன்று மாதம் காத்திருந்தார் என்று பொருள். தையற்காரருக்கு மூலதனம் இருக்கும், அவர் தாங்குவார். சலவைக்காரி எப்படித் தாங்கியிருப்பார்? காத்திருப்பதற்கான வட்டியை விலையிலேயே ஏற்றிவிட்டார்களா என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

சட்டக்கல்லூரி82

கடைக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் காலாண்டுக் கணக்கு ஒரு வரப்பிரசாதம் என்று சொல்வேன், ஏனென்றால் அதற்கு வெளியே கடன் கொடுத்தவருக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு மிகக் குறைவு. இங்கிலாந்தில் அப்போது உரிமை வயது 21. டார்வின் பிறந்தது 1809 பிப்ரவரி 12. ஆகவே 1830 பிப்ரவரி வரை, அதாவது கேம்பிரிட்ஜ் வாழ்க்கையின் முதல் இரண்டு ஆண்டுகள், அவர் சட்டப்படி மைனர். மைனர் கடனுக்கு வாங்கிவிட்டுக் கைவிரித்தால், வாங்கிய பொருள் அவனுக்கு ‘அவசியமானது’ என்று நிரூபித்தால் மட்டுமே கடைக்காரருக்குப் பணம் கிடைக்கும்.

அவசியம் எது என்பதில்தான் வழக்குகள் குவிந்தன. ‘பீட்டர்ஸ் எதிர் ஃபிளெமிங்’ 1840-இல் வந்தது. கேம்பிரிட்ஜ் மாணவன் ஒருவன் மோதிரங்களும் கடிகாரச் சங்கிலியும் கடனில் வாங்கியிருந்தான். அவன் தந்தை நாடாளுமன்ற உறுப்பினர். அந்த அந்தஸ்தில் உள்ள பையனுக்குக் கடிகாரச் சங்கிலி அவசியமாகவும் இருக்கலாம், ஆகவே அதை நடுவர் குழு முடிவு செய்யட்டும் என்றது நீதிமன்றம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1844-இல், ஆக்ஸ்ஃபர்ட் மாணவனுக்கு விருந்தும் பழமும் ஐஸ்கிரீமும் அனுப்பியவர் ‘வார்ட்டன் எதிர் மெக்கன்ஸி’ வழக்கில் அவற்றை அவசியம் என்று நிலைநாட்ட முடியாமல் போனார். கல்லூரியிலேயே சாப்பாடு கிடைக்கும்போது அறைக்கு விருந்து வரவழைப்பது அவசியமாகாது என்பது அதன் சாரம்.

இந்த வரிசையில் எல்லோரும் அறிந்தது ‘நாஷ் எதிர் இன்மன்’. தீர்ப்பு 1908-இல் வந்தது, சம்பவம் 1902-03-இல் நடந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாலைப் பிடித்துக்கொண்டு இங்கே நுழைக்கிறேன். கேம்பிரிட்ஜுக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான், பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்று கேள்விப்பட்டு, லண்டனின் சாவில் ரோ தெருவில் இருந்த தையற்கடைக்காரர் தம் ஆளை அங்கே அனுப்பி ஆர்டர் பிடித்தார். பட்டியலில் 11 அலங்கார அரைச்சட்டைகள் இருந்தன. மொத்தம் 122 பவுண்டு 19 ஷில்லிங் 6 பென்னி. பையனின் தந்தை சாட்சிக் கூண்டில் ஏறி, கல்லூரிக்கு அனுப்பும்போதே போதுமான துணிகளை வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்றார். அவனிடம் ஏற்கெனவே போதிய துணி இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு கடைக்காரருடையது என்று நீதிமன்றம் சொன்னது. அவரால் அது முடியவில்லை, பணம் போயிற்று.

நம் நாட்டுத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு இதே கொள்கையைத்தான் எழுதி வைத்திருக்கிறது. மைனருக்கு அவனுடைய நிலைக்கு ஏற்ற அவசியப் பொருளைக் கொடுத்தவர் அவனுடைய சொத்திலிருந்து வசூலிக்கலாம், அவனை நேரில் பொறுப்பாக்க முடியாது. அந்தப் பிரிவை நடத்திய எங்கள் பேராசிரியர் பதினோரு அரைச்சட்டைகளையும் விரல்விட்டு எண்ணிக் காட்டிய வகுப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கணக்கேடு

மிக்க நன்றி. ஆனால் இதைக் கேட்டபின் என் ஐயம் திசை மாறுகிறது. டியூட்டர் மாணவனின் தந்தைக்குப் பதிலாக நின்றார் என்று மாடிப்படி அவர்கள் எழுதினார். எனக்கு அவர் கடைக்காரர்களுக்கு வசூல் முகவராக இருந்ததாகத் தோன்றுகிறது. சட்டப்படி வாங்க முடியாத கடனைக்கூட, கல்லூரிப் பட்டியலில் ஏற்றிவிட்டால் தந்தை மானத்துக்குப் பயந்து கட்டிவிடுவார். எங்கள் வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரைத் தேடிப்போவதைவிட இது எளிது.

மாடிப்படி

பாதி ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கையில் ஒரு சாட்டை இருந்தது. விதிகளை மீறிக் கடன் கொடுத்த, டியூட்டருக்குத் தெரியாமல் கணக்கை வளர்த்த கடைக்காரரோடு எந்த மாணவனும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவித்துவிடுவார்கள். ஊரின் பிழைப்பே மாணவர்களை நம்பி இருக்கும்போது, அந்த அறிவிப்பு ஒரு கடைக்கு என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களில் தண்ணீர் புழங்காமல் தள்ளி வைப்பார்களே, ஏறத்தாழ அதைப் போன்றது. ஆகவே டியூட்டர் வசூல் முகவராக இருந்தார் என்றால், முதலாளிகளை மிரட்டும் முகவராகவும் இருந்தார்.

சலவைக்காரி பற்றித் தேன்மொழி கேட்டதற்கு என்னிடம் நேரான விடை இல்லை. ஆனால் தாமதமாக வரும் பணத்துக்காக விலையைக் கூட்டிப் போடுகிறார்கள் என்பது அந்த நூற்றாண்டு முழுவதும் பெற்றோர் பாடிய பாட்டு.

வண்டுப்பிரியன்

விலங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் எல்லோரும் புத்தகத்தில் ஏறிய கணக்கையே பேசுகிறீர்கள். டார்வினுக்கு உயிராக இருந்த வியாபாரம் அந்தப் புத்தகத்திலேயே வராது. அது வண்டு வியாபாரம்.

அவர் கேம்பிரிட்ஜில் மதகுரு ஆவதற்கான படிப்பைப் படித்ததைவிட வண்டு பிடித்ததே அதிகம். குளிர்காலத்தில் தாமே அலைய முடியாதபோது ஒரு கூலியாளை வைத்துக்கொண்டதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஆளுக்கு இரண்டு வேலைகள். பழைய மரங்களின் பாசியைச் சுரண்டி ஒரு பெரிய பையில் போட்டுக் கொண்டுவருவது ஒன்று. சதுப்பு நிலத்திலிருந்து நாணல் ஏற்றி வரும் படகுகளின் அடியில் தங்கிய குப்பையை வாரிக் கொண்டுவருவது மற்றொன்று. கேம் ஆற்றுப் படகுகளில் ஊருக்கு எரிபொருளும் நாணலும் வந்தன. படகுக்காரர் கழித்துத் தள்ளும் குப்பைக்கு இந்த ஒரு மாணவன் காசு கொடுத்தான். அந்தப் பையை அறையில் கொட்டியபோது படுக்கை விரிக்க வந்த அம்மையாரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இந்தத் தொழிலில் போட்டியும் துரோகமும் உண்டு. ஹார்பர் என்ற ஒருவர் அவருக்கு வண்டுகள் விற்றுவந்தார். அதே ஊரில் சார்ல்ஸ் பாபிங்டன் என்ற இன்னொரு மாணவரும் வண்டு சேர்த்தார். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர் ஆனவர் அவர். ஹார்பர் புதிதாக வந்த வண்டுகளில் முதல் பொறுக்கை பாபிங்டனுக்குக் கொடுப்பதை டார்வின் கண்டுபிடித்துவிட்டார். உடனே அந்த ஆளை அயோக்கியன் என்று திட்டி, இனி என் அறைப் பக்கம் வந்தால் படிக்கட்டில் உதைத்துத் தள்ளுவேன் என்று சொல்லி உறவை முறித்துக்கொண்டதை, தம் உறவினர் வில்லியம் டார்வின் ஃபாக்ஸுக்கு 1829-இல் எழுதிய கடிதத்தில் சுவைபடச் சொல்கிறார். காசிமேட்டில் படகு கரையேறும்போது முதல் கூடைக்கு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் பாடும் சிறுவர்களைக் கூலி கொடுத்துத் தம் அறைக்கு அழைத்துப் பாடச் சொல்லியும் கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் அவருக்கு இசையில் காது சுத்தமாகக் கிடையாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

தேன்மொழி

படுக்கை விரிக்க வந்த அம்மையாரை நீங்கள் கொண்டுவந்துவிட்டதால், என் கேள்வியை நானே கொஞ்சம் தேடிப் படித்துவிட்டு வந்தேன். கல்லூரிப் பணியாளர்களின் வருமானம் சம்பளத்தில் மட்டும் இல்லை, மாமூலில் இருந்தது. கேம்பிரிட்ஜில் ஆண் பணியாளரை ‘ஜிப்’ என்றும் ஆக்ஸ்ஃபர்டில் ‘ஸ்கௌட்’ என்றும் அழைத்தார்கள். காலையில் எழுப்புவது, காலணி துடைப்பது, துணியைத் தட்டி வைப்பது, சீட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது, விருந்து நாளில் பரிமாறுவது எல்லாம் அவர் பொறுப்பு. விருந்தில் மிஞ்சிய பறவைக் கறியும் பாதிப் புட்டி மதுவும் அவருக்குரியவை என்பது எழுதாத சட்டம். தேயிலை டப்பா விரைவில் காலியாவதற்கும் மெழுகுவத்தி குட்டையாவதற்கும் படுக்கை விரிப்பவரைக் காரணம் காட்டி மாணவர்கள் கேலி பேசியதற்குக் கணக்கே இல்லை. ‘ஜிப்’ என்ற சொல் கிரேக்க மொழியில் பிணந்தின்னிக் கழுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று மாணவர்கள் கதை கட்டியதும் அந்தக் கேலியின் தொடர்ச்சிதான். சொற்பிறப்பு என்ற முறையில் அதை நம்ப வேண்டியதில்லை. கிரேக்கம் படித்த பையன்களுக்கு, பாதிக் கோழியை எடுத்துச் சென்றவரைத் திட்ட ஒரு கிரேக்கச் சொல் கிடைத்தது, அவ்வளவே.

நான் அதை மாணவர்கள் பார்த்த விதத்தில் பார்க்க மாட்டேன். மாமூல் என்பது கல்லூரி கொடுக்காமல் விட்ட சம்பளம். அந்தச் சம்பளத்தைத் தந்தையின் காலாண்டுக் கணக்கில் ‘தேயிலை’ என்ற தலைப்பில் எழுதினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தேடும்போது ஒரு அருமையான பொருள் கண்ணில் பட்டது. கேம்பிரிட்ஜ் சந்தையில் வெண்ணெயைக் கெஜத்தில் விற்றார்கள்! ஒரு பவுண்டு வெண்ணெயை ஒரு கெஜ நீளத்துக்கு, ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமனில், கழிபோல உருட்டி நீளமான கூடையில் வைத்துக் கொண்டுவருவார்கள். கல்லூரிச் சமையற்கட்டில் அதை அளந்து துண்டு போட்டால் தலைக்கு ஒரு பங்கு வந்துவிடும், தராசே வேண்டாம். பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை முழம் போடும்போது முழங்கை சற்றே மடங்கும். அப்படி வெண்ணெய்க்காரியின் கெஜமும் மடங்கியிருக்குமோ என்று நினைத்துச் சிரித்தேன்.

நியூஹேவன் தமிழன்

அமெரிக்கப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே யேல் கல்லூரி கடைக்காரரை வெளியே வைத்து மிரட்டாமல், கடையையே உள்ளே வைத்துக்கொண்டது. ‘பட்டரி’ என்ற பெயரில் கல்லூரிக்குள் ஒரு சிறு கடை இருந்தது. சமீபத்தில் படித்து முடித்த ஒருவரே அதை நடத்துவார். ஆப்பிள் மது, பழம், சர்க்கரை, புகையிலை, புகைக்குழாய் எல்லாம் அங்கே கிடைக்கும். பையன்கள் ஊர்ச் சாராயக் கடைக்குப் போகாதிருக்கக் கல்லூரியே மது விற்றது! 1817-இல் அதை மூடிவிட்டார்கள். பொதுச் சாப்பாட்டுக் கூடமும் வெகுகாலம் நிலைக்கவில்லை. 1828-இல் சாப்பாடு மோசம் என்று மாணவர்கள் கலகம் செய்தார்கள். அதற்கு ‘ரொட்டி வெண்ணெய்க் கலகம்’ என்று பெயரே உண்டு. 1842-இல் கூடம் மூடப்பட்டு, மாணவர்கள் ஊர் வீடுகளில் மாதக் கணக்குக்குச் சாப்பிடப் போனார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கே மாணவனே கூலிக்குப் போவதில் பெரிய வெட்கம் இல்லை. ஹார்வர்டில் படித்த எழுத்தாளர் தோரோ 1836 தொடக்கத்தில் சில வாரங்கள் படிப்பை நிறுத்திவிட்டு, கேன்டன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து சம்பாதித்துவிட்டுத் திரும்பினார். அப்படி விடுப்புக் கொடுப்பதைக் கல்லூரியும் வழக்கமாக வைத்திருந்தது.

மாடிப்படி

கேம்பிரிட்ஜிலும் ஏழை மாணவன் இல்லாமல் இல்லை. ‘சைசர்’ என்ற பிரிவில் சேர்பவனுக்குக் கட்டணம் குறைவு. பழைய நாளில் அவன் பரிமாறவும் வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வேலை போய்விட்டாலும், பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்தபின் மிஞ்சியதைச் சாப்பிடும் இடம் அவனுக்கென்று பல கல்லூரிகளில் நீடித்தது. அயர்லாந்திலிருந்து வந்த பேட்ரிக் பிராண்ட்டே 1802-இல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சைசராகத்தான் சேர்ந்தார். எழுத்தாளர்களான மூன்று மகள்களால் உலகம் அவரை அறியும்.

ஆனால் அங்கே மாணவர்களை வைத்து நடந்த வியாபாரங்களில் எல்லாவற்றையும்விடப் பெரியது தையலும் இல்லை, மதுவும் இல்லை, டியூஷன். கல்லூரி விரிவுரையை மட்டும் நம்பிக் கணிதத் தேர்வில் உயர்ந்த இடம் பிடிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே தனியாசிரியரிடம் பணம் கட்டினார்கள். வில்லியம் ஹாப்கின்ஸ் அவர்களில் முதன்மையானவர். திருமணமானவர் என்பதால் கல்லூரியில் ஃபெல்லோவாக, அதாவது கல்லூரியின் நிலையான ஆசிரிய உறுப்பினராக, இருக்க விதி இடம் தரவில்லை. அதனால் இதையே தொழிலாக்கிக்கொண்டார். 1849 வாக்கில் அவரிடம் படித்தவர்களில் ஏறத்தாழ 200 பேர் கணிதத் தேர்வில் முதல் வகுப்பும், அவர்களில் 17 பேர் முதலிடமும் பெற்றிருந்தார்கள். இயற்பியலாளர்கள் ஸ்டோக்ஸ், கெல்வின், மேக்ஸ்வெல் மூவரும் அவர் மாணவர்கள். கும்பகோணத்துச் சந்தில் மாடி வீட்டில் காலை ஐந்து மணிக்குக் கணக்கு டியூஷனுக்குப் போன எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட நெருக்கம், அந்த ஊரின் கோபுரங்களைப் பார்த்தபோதுகூட ஏற்படவில்லை.

சட்டக்கல்லூரி82

ஒரு சிறு சந்தேகம். டியூஷன் கட்டணம் ‘அவசியம்’ ஆகுமா என்றால், கல்வியும் முறையான பயிற்சியும் மைனருக்கு அவசியம் என்ற கொள்கை மிகப் பழையது. ஆகவே ஹாப்கின்ஸின் நிலை வண்டுக்கார ஹார்பரின் நிலையைவிட உறுதியானது. ஹார்பர் நீதிமன்றம் போயிருந்தால் வண்டு எந்த வகையில் அவசியம் என்று நீதிபதிக்கு விளக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அது யாராலும் முடிந்திருக்காது.

கணக்கேடு

எல்லோருக்கும் நன்றி. காய்கறிக் கணக்கை மட்டும் நானே போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஐந்தரைப் பென்னி வீதம் 70 நாள் தங்கினால் 385 பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில் 1 பவுண்டு 12 ஷில்லிங் 1 பென்னி வருகிறது. வயல் தொழிலாளியின் மூன்று வாரக் கூலிக்கு மேல். கறி மட்டும் சாப்பிட்டுச் சலித்த பையன் கீரை கேட்டதற்கு இவ்வளவு.

கேம்பிரிட்ஜில் தாராளமாகத்தான் செலவு செய்தேன் என்று டார்வினே எழுதியிருக்கிறார். பீகிள் என்ற ஆய்வுக் கப்பலில் போகத் தந்தை சம்மதித்தபோது, கப்பலில் இருந்துகொண்டு நீங்கள் தரும் படித்தொகையைவிட அதிகமாகச் செலவழிக்க வேண்டுமென்றால் நான் மகா கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று சமாதானம் சொன்னாராம். நீ மிகவும் கெட்டிக்காரன் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள் என்று தந்தை சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம். மூன்றாண்டு காலாண்டுக் கணக்குகளைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அல்லவா!

என் விரிதாளில் ஒரு திருத்தம் செய்துவிட்டேன். கொத்தனாரையும் கண்ணாடிக்காரரையும் ‘இதரச் செலவு’ என்பதிலிருந்து எடுத்து ‘அறை’ என்பதில் சேர்த்திருக்கிறேன். ஹார்பருக்கு ஒரு வரி ஒதுக்கி, தொகையைக் காலியாக விட்டிருக்கிறேன்.